தூண்டிற்கோலின் வரலாறு

தொழில் எதுவாயினும் அதற்கொரு வரலாறு உண்டு. அரசர் போர்களும் கோயிற்றிருப்பணிகளுமே வரலாறு என்று கருதுவார் பலர். ஏரும் தறியும் உலையும் வலையும் மக்களை ஊட்டி வளர்த்தவை. இவற்றின் வரலாற்றை எழுதப் புகுந்தார் சிலரே. ஆகவே, நம் சங்கத்துக் குடும்பத்தினர்க்கு இத்திங்கள் தூண்டிற்கோல் என்னும் எளியதொரு கருவியின் வரலாற்றைச் சொல்லப் புகுகின்றோம். “இது சிறுவர் கையிலுள்ள விளையாட்டுப் பொருளன்றோ? இதனைப் பற்றி எழுதுதற்கு என்ன இருக்கின்றது?” என்று வினவுவாரும் உளர். முற்றும் படித்தபின் அவர்களே விடை காண்பார்கள் என நம்புகின்றோம்.

நம் இலுப்பூர் தன் பெயரிலேயே இலுப்பை மரத்தைத் தாங்கி நிற்பது. 1974-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டப் பகுதிகளிலிருந்து பிரித்து அமைக்கப்பெற்ற புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமை ஊராய் இன்று விளங்குகின்றது. வற்றாத ஆறு இச்சீமைக்கு இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையை ஏந்தி வைக்கும் குளங்களும் கண்மாய்களும் ஊருணிகளுமே உயிர்நாடி. அறுவடை முடிந்து வெயில் ஏறி நீர் முழங்காலளவு வற்றியபோது, ஊர்ப் பெரியோர் கரைமீது நின்று வெள்ளைத் துணியை வீசுவர். சுற்றுப்புறத்து ஊர்களினின்றும் வந்து காத்திருந்த மக்கள் ஒருங்கே குளத்தில் இறங்குவர். இதுவே மீன்பிடித் திருவிழா. ஊத்தா, கச்சா, பரி, வலை ஆகியவை அன்றைக்குரிய கருவிகள். இவை யாவும் கூட்டத்தின் கருவிகள். தூண்டிலோ தனியொருவனுடைய கருவி. தன் கையளவுக்கும் தன் கரையின் இயல்புக்கும் ஏற்ப அவனவனே செய்துகொள்வது. இத்தன்மையே அதன் சிறப்பு. அது மறைந்துவருவதற்குக் காரணமும் இதுவே என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

முதற்கண் சொல்லாராய்ச்சி செய்வோம். தூண்டுதல் என்பது ஒன்றை ஒரு செயலில் முனையுமாறு ஏவுதல். தூண்டில் என்னும் பெயர் அவ்வினையடியாகப் பிறந்தது. வலை வளைத்துப் பிடிக்கும். ஊத்தா கவிழ்த்துப் பிடிக்கும். தூண்டில் மீனின் விருப்பத்தைத் தூண்டிப் பிடிக்கும். கருவியின் தொழிலை முழுதும் உணர்ந்தவரே இப்பெயரை இட்டிருத்தல் வேண்டும். திருவள்ளுவர் சூதின் இழிவைச் சொல்லுமிடத்து, வென்று பெறும் பொருளைத் தூண்டிற்பொன்னுக்கு உவமை கூறினார். ஈண்டுப் பொன் என்றது இரும்பினை. இரைக்குள் மறைந்த முள்ளை மீன் விழுங்கும் செய்தியை எடுத்துக்காட்டிய அளவிலே எல்லார்க்கும் விளங்கும் என்று அவர் கருதினாராதலின், அக்காலத்தே இக்கருவி நாடெங்கும் பயின்றிருந்தது என்பது தெளிவு.

இதனினும் விரிவான சான்று பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலிலே, மீன் பிடித்தலில் வல்ல பாணன் ஒருவன் வருகின்றான். பச்சிறைச்சி இட்ட தோற்பை அவன் தோளிலே தொங்குகின்றது. நெடிய மூங்கிற்கழியில் கயிறு கட்டி, அதன் நுனியில் வளைந்த இரும்பைப் பொருத்தி, இரையை வைத்து நீரில் விடுகின்றான். வாளைமீன் ஒன்று இரையை மாத்திரம் கௌவிக்கொண்டு முள்ளைத் தனித்திருக்க விட்டுச் செல்கின்றது. தப்பியும் அதற்கு அச்சம் தீரவில்லை. கரையோரத்துப் பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டு, அதுவும் தூண்டிற்கோலோ என்று வெருவுகின்றது. கழை, நாண், இரும்பு, இரை, இரைப்பை என உறுப்புகள் அனைத்தும் இங்கே காணக்கிடைக்கின்றன. கரையில் நெடும்போது அமர்ந்து பார்த்த கண்ணுக்கே இக்காட்சி அகப்படும். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பத்துப்பாட்டை 1889-இல் அச்சிட்டு உதவிராவிடின், இந்தத் தூண்டிற்கோலும் செல்லுக்கு இரையாகியிருக்கும்.

மீன் பிடித்த இப்பாணர் யாவர்? யாழ் மீட்டி அரசரவையில் இசை வளர்த்த மரபினர். ஐங்குறுநூற்றிலே பாண்மகள் வட்டியில் விரால்மீன் கொண்டுவந்து கொடுக்கின்றாள். மனையோள் அவ்வட்டி நிறையப் பழைய வெண்ணெல்லை இட்டு அனுப்புகின்றாள். யாழ் நரம்பைக் கட்டிய விரலே தூண்டில் நாணையும் கட்டியது. இன்றும் நம் பக்கத்தார் தூண்டிற்கயிற்றை நரம்பு என்றே வழங்குதல் நினைக்கத்தக்கது. பிற்காலத்தே பாணர் பெருமை குன்றியது. அவர்தம் யாழ் எங்ஙனம் செய்யப்பட்டதென்பதை அறியப் புலவர்கள் பெரிதும் உழைத்தனர்; அவர்தம் கோல் எங்ஙனம் செய்யப்பட்டதென்று கேட்பார் அரியராயினர்.

இடைக்காலச் சான்றுகளையும் நோக்குவோம். நமக்கு அண்மையில் அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசலில், 9-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஓவியம் ஒன்று உளது. தாமரைக் குளமும், அதனுள் மீன்களும் பறவைகளும் யானையும் எருமையும், பூக்கொய்யும் மாந்தரும் அதில் விளங்குகின்றனர். சமணர் கொல்லா நோன்பினராதலின் அங்கே தூண்டிலைத் தேடுதல் ஆகாது; எனினும், ஓவியன் குளத்து மீனை உற்று நோக்கியவன் என்பதில் ஐயமில்லை. கல்வெட்டுகளிலோ மீன்பாட்டம், பாசிப்பாட்டம் என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. இவை குளத்து மீன்மேல் கொண்ட வருவாய். இன்று ஊர்களில் நடக்கும் மீன்பாசிக் குத்தகை இவற்றின் வழிவந்ததே. வடக்கே 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலைச் சாளுக்கிய வேந்தனாகிய மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில், தூண்டிலால் மீன் பிடித்து மகிழ்தல் அரசர்க்குரிய பொழுதுபோக்குகளுள் ஒன்றாக விரித்துரைக்கப்பட்டுள்ளது. மீன்களின் வகையும் அவற்றிற்கிடும் உணவும் அந்நூலிற் கூறப்படுகின்றன. ஆக, வரி எழுதப்பட்டது. வேந்தன் விளையாட்டும் எழுதப்பட்டது. கோலைச் செய்த தொழிலாளியின் அனுபவமோ தந்தை வாயிலிருந்து மகன் செவிக்குச் சென்றதன்றி ஏட்டில் ஏறவில்லை.

அவ்வனுபவம் யாது என்பதை இனிச் சுருக்கி எழுதுகின்றோம். கோலுக்கு ஏற்றது கல்மூங்கில். பெருமூங்கிலைப்போல் உட்டுளை அகன்றிராமல், பெரும்பாலும் கெட்டியாக இருத்தலின் இதனை ஆண்மூங்கில் என்றும் கூறுவர். ஓராண்டு முளை ஆகாது. அது காய்ந்தால் சுருங்கி வளையும். மூன்றாண்டுக்கு மேற்பட்டு முற்றிய கழியைத் தேர்தல் வேண்டும். அடி பருத்து, நுனி வரவரச் சிறுத்து, கணுக்கள் நெருங்கியதாய் இருப்பது நலம். மழைக்காலத்துத் துளிர்விடும் பருவத்தில் வெட்டாமல் பனிக்காலத்தில், அதிலும் தேய்பிறையில் வெட்டுவது வழக்கம். மூங்கிலிலுள்ள மாச்சத்தே உளுக்கும் வண்டுக்கு உணவு. அச்சத்துக் குறைந்த பருவத்தில் வெட்டியது உளுக்காது. வெட்டிய கழியைச் சில நாள் நீரில் ஊறப்போடுதலும் இம்மாச்சத்தைக் கரைத்துப் போக்குதற்பொருட்டே.

பின்னர் நிழலிலே தொங்கவிட்டு உலர்த்துவர். வெயிலிற் போட்டால் கழி வெடிக்கும். உலர்ந்த கழியில் இயல்பாயுள்ள கோணலை நிமிர்த்த, உமித்தணலிலோ கரித்தணலிலோ மெல்லச் சுழற்றிக் காட்டுவர். சூடேறியதும் மூங்கில் இளகும்; அப்போது கையாலோ கவட்டையிலிட்டோ நிமிர்த்து, ஆறும்வரை பிடித்திருந்தால் அந்நிலையிலேயே நின்றுவிடும். கருகவிட்டால் நார் முறியும். தணலின் அளவை அறிவதே இத்தொழிலின் பாதி. கணுக்களைச் செதுக்கும்போது மேற்றோலைக் கூடியவரை காத்தல் வேண்டும். மூங்கிலின் வலியநார் மேற்புறத்தே செறிந்திருத்தலின், தோலைச் சீவினவன் கோலின் வலியையே சீவினவனாவான். அடுப்புக்கு மேலே பரணில் வைத்துப் புகையூட்டுதலும், எண்ணெய் தடவித் தேய்த்தலும் நீர் புகாமைக்கும் உளு ஏறாமைக்கும் செய்யும் காப்புகள். நுனி பிளவாதிருக்க நூலைச் சுற்றி அரக்கோ பிசினோ பூசுவர்.

நாணுக்கு முன்னாளில் பருத்தி நூலை முறுக்கிப் பயன்படுத்தினர். நீரில் மக்காதிருக்கப் பனிச்சங்காய்ச் சாறு முதலியவற்றில் தோய்த்தெடுத்தனர். இன்று தங்கூஸ் வந்துவிட்டது. மிதப்புக்கு நெட்டியோ, உதிர்ந்த மயிலிறகின் தண்டோ உதவும். விராலிமலை மயில்களை அண்டி வாழும் நமக்கு இதற்குக் குறைவில்லை. முள்ளுக்குச் சற்று மேலே சிறிது ஈயம். இரைக்கு மண்புழு, விராலுக்குச் சிறு தவளை அல்லது உயிர்க்கெண்டை. கோரையும் தாமரையும் அடர்ந்த கரைக்கு நெடுங்கோல் வேண்டும். படித்துறைக்குக் குறுங்கோல் போதும். சிறுவன் கைக்கு ஓர் அளவு, முதியோன் கைக்கு ஓர் அளவு. கோலை அடியில் பற்றி நீட்டும்போது நுனி மணிக்கட்டைக் கீழே இழுக்குமாயின் அது அக்கைக்குரிய கோலன்று. “தூண்டிற்காரனுக்கு மிதப்பிலே கண்” என்பது பழமொழி. கண் மிதப்பில் இருக்க வேண்டுமாயின் கை கோலை மறந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் மறக்கச் செய்வதே நல்ல கோல்.

இனி மேல்நாட்டைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1496-இல் தூண்டில் மீன்பிடித்தலைப் பற்றி ஒரு சிறுநூல் அச்சாயிற்று. ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் மாதரார் எழுதியது என்று வழிவழியாகச் சொல்லப்படுவது அது. கோல் செய்யும் முறையை அந்நூல் படிப்படியாகக் கூறுகின்றது. செப்டம்பர் இறுதிக்கும் பிப்ரவரித் தொடக்கத்துக்கும் இடையே மரக்கழியை வெட்டுக; சூளையிற் சூடேற்றி நிமிர்த்துக; ஒரு திங்கள் உலரவிடுக; பழுக்கக் காய்ச்சிய கம்பியால் உட்சோற்றைத் துளைக்க; கூரையடியிலே புகையில் தொங்கவிட்டு உலர்த்துக என்பன அதன் விதிகள். பனிக்காலத்து வெட்டுதல், தீயில் நிமிர்த்தல், புகையூட்டுதல் ஆகிய மூன்றும் நம் கண்மாய்க்கரை முறையோடு எத்துணை ஒத்திருக்கின்றன! ஒருவரையொருவர் கண்டறியாத இரு நாட்டார் ஒரே முடிவுக்கு வந்தனர். பொருளின் இயல்பே இருவர்க்கும் ஆசிரியனாய் இருந்தது. வேறுபாடு ஒன்றே: அவர்கள் எழுதிவைத்தனர். 1653-இல் ஐஸக் வால்ட்டன் இயற்றிய நூல் அந்நாட்டு இலக்கியங்களுள் ஒன்றாகவே மதிக்கப்பெற்று இன்றுவரை மீளமீள அச்சாகி வருகின்றது. அதனால் அங்கே தூண்டிற்கோல் பிடித்தல் கற்றோர்க்கும் செல்வர்க்கும் உரிய கலையாயிற்று.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றைக் கேளுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவில் ஈஸ்ட்டன் என்னும் ஊரில் சாமுவேல் பிலிப்பி என்னும் துப்பாக்கித் தொழிலாளர் இருந்தார். பிடில் செய்வதிலும் கைதேர்ந்த அவர், மூங்கிலைக் கீற்றாகப் பிளந்து சீவி, மீண்டும் ஒன்றாக ஒட்டிக் கோல் செய்யும் வழியைக் கண்டார். பின்னர் 1870-ஐ அடுத்த ஆண்டுகளில் மெயின் மாகாணத்து ஹிராம் லியனார்ட் என்பவர் ஆறு கீற்றுக் கோல்களைப் பொறியின் துணையால் பெருவாரியாகச் செய்து புகழ்பெற்றார். முக்கோண வடிவாகச் சீவிய ஆறு கீற்றுகளை, மேற்றோல் வெளிப்புறம் அமைய ஒட்டினால் அறுகோணக் கோல் உண்டாகும். வலியநார் முழுவதும் வெளிச்சுற்றிலே நிற்கும். நம்மவர் தோலைச் சீவாது காத்ததும் இவர் தோலை வெளியே வைத்ததும் ஒரே அறிவின் இருவேறு வடிவங்கள்.

அவர்கள் முதலிற் பயன்படுத்திய மூங்கில் எந்நாட்டது? நம் பாரத நாட்டது. கல்கத்தாத் துறைமுகத்தின் வழியாகச் சென்றமையின் அதற்குக் கல்கத்தா மூங்கில் என்றே பெயர். குதிரைப்படையாளரின் ஈட்டிக்காம்புக்கு உதவிய ஆண்மூங்கிலே அஃது என்பது அறிஞர் பலர் கருத்து. நம் நாட்டு வறண்ட மலைச்சாரல்களில் வளரும் கல்மூங்கிலும் அவ்வினமே. மேல்நாட்டுக் கனவான்கள் பெருவிலை கொடுத்து வாங்கிப் பேழையிலிட்டுக் காத்த கோலும், நம் சிறுவர் கரையில் எறிந்துவிட்டுப் போகும் கோலும் ஒரே குடியிற் பிறந்தவை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்தின் குவாங்டுங் பகுதியிலிருந்து வந்த டோன்கின் மூங்கில் அவ்விடத்தைக் கைப்பற்றிற்று. 1950-இல் அமெரிக்கா சீனத்தோடு வாணிகத்தை நிறுத்தியபோது அதுவும் அருகியது. கண்ணாடியிழைக் கோல்கள் சந்தையை நிறைத்தன. 1970-ஐ அடுத்த ஆண்டுகளிற் கரியிழைக் கோல்கள் தோன்றின. நைலான் நரம்பு 1939 முதல் விற்பனைக்கு வந்து பழைய பட்டு நூலையும் பருத்தி நூலையும் நீக்கிற்று.

எனினும், ஆளுக்கு அளவெடுத்துக் கோல் செய்யும் தொழில் அங்கே அழியவில்லை என்பதைக் கருதுக. இன்றும் கரியிழைத் தண்டை மட்டும் வாங்கி, எஞ்சிய பணிகளைத் தம் கையால் முடிப்பார் பலர் உளர். தண்டை வளைத்து உருட்டினால் ஒருபுறம் சற்று விறைப்பாய் இருக்கும். அதனை அறிந்தே நரம்பு ஓடும் வளையங்களின் வரிசையை வகுப்பர். உடையவன் கைக்கேற்பத் தக்கையால் பிடி கடைவர். வளையங்களின் காலை நூலால் இழையோடு இழை நெருங்கச் சுற்றிக் கட்டுவர். அதன்மேல் பசைமெருகு பூசி, ஒருபுறமாக வழிந்து திரளாமைக்கு, அது இறுகும்வரை கோலை மெல்லச் சுழற்றிக்கொண்டேயிருப்பர். நூற்சுற்றும் பூச்சும் நம் பாட்டனார் செய்தவையே; நூலும் அரக்கும் பெயர் மாறின, அவ்வளவே.

நம் குளங்களைப்பற்றி எழுதினாரும் இருந்தனர். ஆனால் நம்மவர் அல்லர். சென்னை இராஜதானி சிவில் உத்தியோகத்தராகிய ஹென்றி ஸல்லிவன் தாமஸ் இந்தியாவில் தூண்டிற்கோல் பிடித்தலைப்பற்றி 1873-இல் ஒரு நூலும், குளங்களில் தூண்டிலிடுதலைப்பற்றியே தனியாக 1887-இல் மற்றொரு நூலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இத்தகைய செய்தி கரையில் வாழும் மக்கள் கண்டும் சொல்லியும் கிடைப்பதன்றோ? சொன்னவர் பெயர் மறைந்தது. எழுதியவர் பெயர் நின்றது. இதற்காக அவரைக் குறை கூறுதல் தகாது. நாம் எழுதாமையே குறை.

இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, தூண்டில் அளவறிந்த கருவி. நம் ஊர்ப்பெயர்க்கு உரிய இலுப்பையின் பிண்ணாக்கு மீனுக்கு நஞ்சு. மீன் வளர்ப்போர் வேண்டாத மீன்களைக் களைந்து குளத்தைத் தூய்மை செய்ய அதனை அளவோடு இடுவர். அஃது அவர்க்கு முறை. பொதுக்குளத்தில் பேராசையால் நஞ்சு கலப்பாரும் வெடி எறிவாரும் குஞ்சும் முட்டையும் ஒருங்கே அழியச் செய்கின்றனர். தூண்டில் ஒருகால் ஒரு மீனையே கேட்கும்; கிடையாத நாளில் பொறுமையைக் கற்பிக்கும். 1952-இல் நம் நாட்டுக்குக் கொணரப்பெற்ற ஜிலேபிக்கெண்டை குளந்தோறும் பெருகி நாட்டு மீன்களை நெருக்கிவரும் இக்காலத்தில், விராலும் கெளுத்தியும் ஆராலும் எஞ்சுதல் நம் மக்கள் கையடக்கத்தைப் பொறுத்தது.

இரண்டாவது இன்னும் இன்றியமையாதது. நம் குடும்பங்களிற் கல்வி பெற்ற இளைஞர் சிலர், பாட்டனார் கைத்தொழிலைப் பிறர்முன் சொல்ல நாணுகின்றனர். அவர் கோல் செதுக்கினாரோ, கூடை பின்னினாரோ, ஏர்க்கால் இழைத்தாரோ, அதனை மறைத்துவிட்டு அரசர் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொள்வதிற் பெருமை காண்கின்றனர். அன்பர்களே, பிலிப்பியின் பேரர்க்கு அந்நாணம் இல்லை. அவர் பெயர் நூல்களில் நிற்கின்றது. யாழிசைத்த பாணனுக்கும் அந்நாணம் இருந்ததில்லை. புலவர் அவன் கோலைப் பேரரசன் முன் பாடினார். தொழிலால் இழிவு வருவதில்லை. தொழிலின் அறிவை மறந்து, அதன் பெயரை மட்டும் வசையாகச் சுமப்பதே இழிவு.

ஆதலின், ஒவ்வொரு குடும்பத்தினரும் இல்லத்து முதியோரிடம் அமர்ந்து, அவர் கையாண்ட கருவிகளின் பெயரும் உறுப்பும் அளவும் செய்முறையும் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுவாராக. தாய்மாரும் பாட்டிமாரும் அறிந்தவை மிகப்பல. அவர்களை முதலிற் கேட்டல் நன்று. நடை அழகாயிருத்தல் வேண்டுவதில்லை. அவர்கள் வழங்கிய சொல்லை மாற்றாது எழுதினால் போதும். பள்ளி விடுமுறையில் சிறுவர்க்கு ஒரு மூங்கிற்கழியைத் தந்து, தணலில் நிமிர்த்தவும் நூல் சுற்றவும் பழக்குதலும் கல்வியே. முதியோர் மறைந்தபின் கேட்க ஆளிராது. மூங்கில் அடுத்த ஆண்டும் முளைக்கும், அவர்கள் முளையார். இன்றே கேட்பீர்களாக, இன்றே எழுதுவீர்களாக.